மயிரிழையில் விலகிய விமானங்கள்

ஆகாயமோ எல்லையற்றது. அத்துணைப் பரந்த வெளியில் இரண்டு விமானங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவும் கூடுமோ என்று வியப்போர் உளர். விமானங்கள் யாவும் தத்தமக்கு வேண்டிய திசையில், தத்தமக்கு வேண்டிய உயரத்தில் என்றும் பறந்துகொண்டே இருக்குமாயின் அவ்வியப்பு நியாயமானதே. ஆனால் எழுந்தது இறங்கியே ஆகவேண்டும். எத்திசையிலிருந்து வந்தாலும், எத்தனை காதம் கடந்து வந்தாலும், ஒவ்வொரு விமானமும் ஈற்றில் ஒரு தளத்தின் ஓடுபாதையில் ஒரு நுனியையே நாடி வருகின்றது. சந்தைக்குப் போகும் வண்டிகளுக்கு ஊர்வெளியில் நெருக்கடி இல்லை. சந்தை வாசலிலேதான் நெருக்கடி. ஆகாயத்திலும் அவ்வாறே. பெரிய ஆகாயக் கப்பல்களைக் காட்டிலும், இருவரும் நால்வரும் ஏறிச் செல்லும் சிறு விமானங்களுக்கு இவ்வாசலில் நேரும் இடர் மிகுதி.

இரண்டு விமானங்கள் 500 அடிக்கும் குறைந்த இடைவெளியில் ஒன்றையொன்று கடந்து போயினும், அன்றி மோதல் நேரக்கூடிய நிலை இருந்தது என்று விமானியோ பணியாளரோ முறையிடினும், அதனை மோதலை ஒட்டிய நிகழ்ச்சி என அமெரிக்க விமானத்துறையினர் கணக்கிற் கொள்வர். நம் வழக்கில் மயிரிழையில் தப்புதல் என்போம். 500 அடி என்றால் தரையில் நடந்து செல்வோனுக்குத் தூரந்தான். பறப்பவனுக்கோ ஓரிரு கணம். மோதியவற்றின் வரலாற்றை எழுதுவது எளிது. மோதாமல் விலகியவற்றின் வரலாறு நெடுங்காலம் எழுதப்படாமலே கிடந்தது. அது ஏன் எழுதப்படவில்லை, எழுதத் தொடங்கியது எவ்வாறு என்பதையே நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

கதையின் தொடக்கம் பிரான்சு தேசத்தில் உள்ளது. முதலாம் உலகப் போர் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இலண்டனுக்கு அண்மையிலுள்ள குறோய்டன் தளத்திற்கும் பாரிசுக்கு அண்மையிலுள்ள லெ பூர்சே தளத்திற்கும் இடையே விமானங்கள் நாடோறும் போய்வரத் தொடங்கிவிட்டன. அக்காலத்து விமானிகளுக்கு வழிகாட்டி எது? தரையிலுள்ள வீதியும் இருப்புப்பாதையுமே. மேகம் தாழ்ந்தால் விமானியும் தாழ்ந்து, வீதியைக் கண்ணால் தொடர்ந்து செல்வான். 1922ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள், பிக்கார்டிப் பகுதியில் மூடுபனியும் தூறலுமாக இருந்தது. குறோய்டனிலிருந்து தபாற் பொதிகளோடு ஒரு விமானம் வந்தது. அதில் விமானியும் ஓர் இளம் பணியாளனும் இருந்தனர். எதிரே லெ பூர்சேயிலிருந்து பயணிகள் மூவரோடு மற்றொன்று வந்தது. இரண்டும் ஏறத்தாழ 500 அடி உயரத்தில் ஒரே வீதியைப் பார்த்துக்கொண்டு எதிரெதிரே பறந்தன. கிராந்வில்லியே என்னும் ஊரின் பக்கத்தில் இரண்டும் மோதின. எழுவரும் மாண்டனர். பயணி விமானச் சேவைகளின் வரலாற்றில் இதுவே முதலாவது ஆகாய மோதல்.

இதன்பின் விமானக் கம்பனியாரும் விமானிகளும் குறோய்டனிற் கூடி ஆலோசித்தனர். அவர்கள் வகுத்த விதிகளுள் முதன்மையானது, வழிகாட்டியாகக் கொண்ட வீதிக்கு வலப்புறமாகவே ஒவ்வொருவரும் பறத்தல் வேண்டும் என்பது. மாட்டுவண்டிக்காரனும் அறிந்திருந்த விதி ஆகாயத்திற்கு ஏறுவதற்கு ஏழு உயிர்கள் வேண்டியிருந்தன. இன்னொன்றையும் நினைக்கத் தோன்றுகின்றது. அவ்வீதியின் மேலாக ஆண்டுக்கணக்கில் விமானங்கள் போய்வந்தனவே. பனியினூடே எதிரில் ஒரு நிழல் பாய்ந்து மறைந்ததைக் கண்டு திடுக்கிட்ட விமானிகள் ஏப்பிரல் 7ஆம் நாளுக்கு முன்னர் இருந்திருக்க மாட்டார்களா? இருந்திருப்பர் என்றே நான் கருதுகின்றேன். அவர்கள் கூறியிருப்பினும் அது விடுதியிற் பேசும் வீரக்கதையாக முடிந்திருக்கும்; கேட்டு எழுதிவைப்பார் ஒருவரும் அன்று இலர்.

அதே குறோய்டனில் 1920இல் ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுப்பப்பட்டிருந்தது. உலகின் முதலாவது விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம் அதுவே என்பர். அங்கு வானொலி அதிகாரியாயிருந்த பிரடெரிக் மொக்பட் என்பவரே, இடர்ப்படும் விமானிகள் கூவுவதற்கு ‘மேடே’ என்னும் சொல்லைத் தெரிந்தளித்தவர். ‘எனக்கு உதவுக’ என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அது. குறோய்டனுக்கு வந்தவருட் பலர் பிரெஞ்சுக்காரராதலின் இருசாராருக்கும் விளங்கும் சொல்லாக அதனைத் தெரிந்தார். ஆகாயத்தில் ஒரு சொல்லின் பொருள் இருவருக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று. பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

அமெரிக்காவில் இம்முயற்சி இன்னும் எளிய கோலத்தில் தொடங்கியது. 1929இல் சென் லூயிஸ் நகரத்து லாம்பேட் தளத்தில் ஆர்ச்சி லீக் என்னும் விமானி ஒருவர் அமர்த்தப்பட்டார். ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியிலே ஒரு கதிரை, வெயிலுக்கு ஒரு குடை, குறிப்பெழுத ஒரு கொப்பி, மதிய உணவு, இரண்டு கொடிகள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு அவர் ஓடுபாதை முனைக்குச் செல்வார். கட்டம் போட்ட கொடியை அசைத்தாற் செல்லலாம். சிவப்புக் கொடியை அசைத்தால் நிற்றல் வேண்டும். அவ்வளவே. மறு ஆண்டு கிளீவ்லன்ட் நகரக் கோபுரத்தில் வானொலிக் கருவி வைக்கப்பட்டது. 1935இல் நியூவாக் நகரில் விமானக் கம்பனிகள் சேர்ந்து, நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்களைக் கணக்கிடும் நிலையம் ஒன்றை அமைத்தன. அடுத்த ஆண்டு அரசாங்கம் அதனை ஏற்றது. அங்கிருந்தோர் ஒரு பெரிய தேசப்படத்தை மேசைமீது விரித்து, விமானத்துக்கு ஒன்றாகச் சிறு அடையாளக் காய்களை வைத்து, நேரம் செல்லச் செல்ல அவற்றை நகர்த்துவர். விமானியோடு நேரே பேச வசதியில்லை. தொலைபேசி வழியே கம்பனிக்குச் சொல்ல, கம்பனி விமானிக்குச் சொல்லும்.

இத்தனை ஏற்பாடுகளுக்கும் அடியில் ஒரு பழைய விதி அசையாமல் இருந்தது. வானம் தெளிந்திருக்கும்போது ஒவ்வொரு விமானியும் பிறரைத் தானே கண்டு தானே விலகிக்கொள்ளல் வேண்டும் என்பது அது. கண்டு விலகு என்னும் இவ்விதியைக் கேட்டமாத்திரத்தில் அதில் என்ன குறை என்றே தோன்றும். மோதல்கள் இருட்டிலும் மழையிலுந்தான் நேரும், பகலில் கண்ணிருக்கக் கவலை ஏன் என்று எண்ணுவோம். உண்மை அதற்கு நேர்மாறானது. சிறு விமானங்களின் மோதல்களிற் பெரும்பாலானவை தெளிந்த வானத்தில், பட்டப்பகலில், விமானத் தளத்தின் அண்மையிலேயே நேர்ந்துள்ளன. நல்ல நாளில்தானே எல்லாரும் பறக்கின்றனர்!

கண் ஏமாறும் வகையைச் சற்று விளக்க வேண்டும். நமக்குக் குறுக்கே போகும் பொருள் நம் கண்ணாடியில் இடமிருந்து வலமாக நகரும். நகர்வதைக் கண் உடனே பற்றிக்கொள்ளும். ஆனால் நம்மோடு மோதப்போகும் விமானம் இடமாகவும் நகராது, வலமாகவும் நகராது. கண்ணாடியில் ஒட்டிய தூசிபோல ஓரிடத்திலேயே நிற்கும். நெடுநேரம் புள்ளியாகவே இருந்து, இறுதிச் சில கணங்களில் திடீரென ஊதிப் பெருக்கும். ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று அறிந்து, மோதும் என உணர்ந்து, எப்பக்கம் திரும்புவது என முடிவுசெய்து, கைகால்களை இயக்கி, விமானமும் திரும்பி விலகுவதற்கு ஏறத்தாழ 12½ விநாடி வேண்டும் என்பது அமெரிக்க விமானத்துறை தரும் கணக்கு. புள்ளி பெருத்துத் தோன்றும் நேரத்தில் அத்தனை விநாடி மிஞ்சியிருப்பதில்லை.

தளத்தை அணுகும் சிறு விமானங்களுக்கு இன்னுமோர் இடையூறு உண்டு. சிலவற்றின் இறக்கை கூரைபோல மேலே அமைந்திருக்கும். அவற்றின் விமானிக்கு மேலே வருவது தெரியாது. சிலவற்றின் இறக்கை காலடியில் அமைந்திருக்கும். அவற்றின் விமானிக்குக் கீழே செல்வது தெரியாது. மேலிறக்கை விமானம் கீழேயும், கீழிறக்கை விமானம் மேலேயுமாக ஒரே ஓடுபாதையை நோக்கி இறங்கி வருமாயின் என்னாகும்? இருவரும் விழிப்போடு நாற்புறமும் பார்த்துக்கொண்டிருந்தும், ஒருவர் கூரைக்கு மேல் மற்றவர் அமர்வதுபோல இறங்குவர். எதிரெதிரே வந்து மோதுவதைக் காட்டிலும், விரைவாகச் செல்வது மெதுவாகச் செல்வதைப் பின்னிருந்து எட்டிப்பிடிப்பதே தளத்தருகில் மிகுதி. முன்னே செல்பவனுக்கு முதுகில் கண் இல்லையே.

கண்ணின் ஆற்றாமையை அமெரிக்க மக்கள் அனைவரும் அறிந்த நாள் 1956 யூன் 30. இது தளத்தருகே நேர்ந்ததன்று; சிறு விமானங்களின் கதையுமன்று; ஆயினும் இதனைக் கூறாது மேலே செல்லல் இயலாது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து மூன்று நிமிட இடைவெளியிற் புறப்பட்ட இரண்டு பெரிய விமானங்கள், கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின்மேல் 21,000 அடி உயரத்தில் மோதி 128 பேர் இறந்தனர். அவ்வெளி கட்டுப்பாட்டுக்கு உட்படாதது. கண்டு விலகு என்பதே அங்கு விதி. விசாரணையில் வெளிவந்த செய்தி ஒன்று என் மனத்தை விட்டு அகலாதது. இரு விமானங்களுள் ஒன்றுக்கு மற்றது அவ்வுயரத்திற் செல்வதாகச் சொல்லப்பட்டிருந்தது. மற்றதற்கோ இதனைப்பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. அதன் விளைவாக 1958இல் புதிய சட்டம் பிறந்து, ஆகாயப் போக்குவரத்தை ஆள ஒரு தனித் துறை அமைந்தது. றேடார்க் கருவிகள் பெருகின.

விபத்துக்கு நூறு அதிகாரிகள் வந்து துருவி ஆராய்வர். மயிரிழையில் தப்பியவனிடம் ஒருவரும் வருவதில்லை. அவனும் வாய் திறப்பதில்லை. ஏன்? தப்பியது தன் பிழையாலாயின் விமானி அனுமதிப்பத்திரம் போகும். கட்டுப்பாட்டாளன் பிழையாலாயின் அவன் பதவிக்கு இடர் வரும். உண்மை சொன்னவனுக்குத் தண்டனையும் சொல்லாதவனுக்கு நிம்மதியும் கிடைக்குமாயின் எவன் சொல்வான்? 1968இல் அமெரிக்க விமானத்துறை ஒரு சோதனை செய்தது. மயிரிழை நிகழ்ச்சிகளை அறிவிப்போருக்குத் தண்டனை இல்லையென்று உறுதிகூறித் தகவல் கேட்டது. அறிக்கைகள் குவிந்தன. அதுவரை அறிவிக்கப்படாதவை அத்தனை இருந்தன என்பதே அதன் பொருள்.

ஆயினும் இது நிலைபெறுவதற்கு மற்றுமொரு பேரிடர் நேரவேண்டியிருந்தது. 1974 திசெம்பர் 1ஆம் நாள், வாசிங்டன் நகரை அடுத்த டலஸ் தளத்தை நோக்கி ரி.டபிள்யூ.ஏ. கம்பனியின் விமானம் ஒன்று மழையிலும் மேகத்திலும் இறங்கிக்கொண்டிருந்தது. தளத்துக்கு 44 மைல் தொலைவிலேயே, தளத்தை அணுக அனுமதி உண்டு என்ற சொல் கட்டுப்பாட்டாளரிடமிருந்து கிடைத்தது. அச்சொல்லுக்கு விமானிகள் கொண்ட பொருள், இனிக் கீழே 1,800 அடிக்கு இறங்கினும் தடையில்லை, தடையிருப்பின் அனுமதி தந்திருக்க மாட்டார் என்பது. கட்டுப்பாட்டாளர் கொண்ட பொருளோ, எங்கு எவ்வளவு இறங்கலாம் என்பதை விமானியே படத்தைப் பார்த்து அறிந்துகொள்வார் என்பது. விமானம் வெர்ஜீனியா மாநிலத்தில் ஒரு மலையில் மோதியது. அதிலிருந்த 92 பேரும் மாண்டனர்.

விசாரணையின்போது தெரியவந்தது இது: ஆறு வாரங்களுக்கு முன்னர், யுனைட்டட் கம்பனியின் விமானம் ஒன்று இதே தளத்தை அணுகுகையில், இதே சொல்லை இதே விதமாகப் பிழையாக விளங்கிக்கொண்டு, இதே மலையை மயிரிழையில் தப்பியிருந்தது. அதன் விமானிகள் தம் கம்பனிக்கு அறிவித்தனர். கம்பனியும் தன் விமானிகள் அனைவரையும் எச்சரித்தது. மற்றக் கம்பனிகளின் விமானிகளுக்கு அச்செய்தி எட்டவில்லை. ஒரு வீட்டுக் கிணற்றில் நஞ்சு கலந்ததை அறிந்து தன் பிள்ளைகளை மட்டும் தடுத்தது போலாயிற்று. அக்கம்பனியைக் குறைகூறுவதற்கில்லை, எல்லாருக்கும் சொல்வதற்கு ஓர் இடமே அன்று இருக்கவில்லை.

1975இல் விமானத்துறை அத்தகைய இடமொன்றை அமைத்தது. ஆனால் தண்டிக்கும் கையும் கேட்கும் காதும் ஒரே உடலில் இருந்தமையால் விமானிகள் நம்பவில்லை. ஆகவே 1976இல் அப்பொறுப்பு விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய நாசாவிடம் ஒப்படைக்கப்பட்டது. நாசாவுக்கு எவருடைய அனுமதிப்பத்திரத்தையும் பறிக்கும் அதிகாரம் இல்லை. கலிபோர்ணியாவில் உள்ள ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில், வைத்தியரும் ஆராய்ச்சியாளருமான சார்ல்ஸ் பில்லிங்ஸ் என்பார் இதனை உருவாக்குவதில் முன்னின்றார். முறை மிக எளிது. நிகழ்ந்ததை எழுதி அனுப்புக. பெயரும் விலாசமும் எழுதிய மேற்பகுதி திகதி முத்திரையிடப்பட்டு அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படும். எஞ்சிய பகுதியில் யார் என்று கண்டுபிடிக்கக்கூடிய குறிப்புகள் யாவும் நீக்கப்படும். வேண்டுமென்று செய்யாத பிழையைப் பத்து நாட்களுக்குள் அறிவித்தவருக்கு, விமானத்துறை பின்னர் அதனை வேறு வழியால் அறிந்து குற்றம் காணினும், அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைக்கும் தண்டனை இல்லை. குற்றச் செயலுக்கும் உண்மையான விபத்துக்கும் இப்பாதுகாப்புக் கிடையாது. அன்று தொடங்கி வந்த அறிக்கைகள் இன்று இருபது இலட்சத்துக்கும் மேலாகிவிட்டன. அவற்றுட் சில, எழுதியவரைக் காட்டாது, 1979 முதல் வெளிவரும் சிறு மாத வெளியீடொன்றில் அச்சாகி விமானிகளுக்குக் கிடைக்கின்றன.

அவ்வறிக்கைகளில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டாளர், உமக்கு முன்னே இன்ன இடத்தில் ஒரு விமானம் செல்கின்றது என்பார். விமானி, கண்டேன் என்பார். இந்த ஒரு சொல்லோடு, விலகிச் செல்லும் பொறுப்பு கட்டுப்பாட்டாளர் தோளிலிருந்து விமானியின் தோளுக்கு மாறுகின்றது. ஆனால் அவர் கண்டது எதனை? சொல்லப்பட்ட விமானத்தையா, அதற்கு அப்பாற் செல்லும் வேறொன்றையா? கண்டபின் மறைந்துவிட்டால் மறைந்தது என்று சொல்வாரா?

1978 செப்ரெம்பர் 25ஆம் நாள் காலை. சன் டியேகோ நகரம்; மேகமற்ற வானம். பீ.எஸ்.ஏ. கம்பனியின் பெரிய ஜெற் விமானம் ஒன்று தளத்தை அணுகியது. அதன் முன்னே, கருவிகளை மட்டும் பார்த்து இறங்கும் பயிற்சியில் ஈடுபட்டிருந்த செஸ்னா என்னும் சிறு விமானம் ஒன்று சென்றது. ஜெற் விமானிகளுக்குச் செஸ்னாவைப் பற்றிச் சொல்லப்பட்டது, கண்டோம் என்றனர். செஸ்னாவுக்கும், பின்னே ஒரு ஜெற் வருகின்றது, அது உம்மைக் கண்டுவிட்டது என்று சொல்லப்பட்டது. பின்னர் ஜெற் விமானிகள் செஸ்னாவைப் பார்வையினின்றும் இழந்துவிட்டனர். அது நம் வலப்புறமாகக் கடந்துவிட்டது என்று எண்ணுகிறோம் என்ற கருத்தில் கோபுரத்துக்குச் சொன்னார்கள். கோபுரத்திலிருந்தவர் செவியில் அது ‘கடந்துகொண்டிருக்கின்றது’ என்று விழுந்தது. இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு! கடந்துகொண்டிருக்கின்றது என்றால் இன்னும் கண்ணிற் படுகின்றது என்பது பொருள். மோதலுக்கு 19 விநாடிக்கு முன்னர் அணுகுநிலையக் கட்டுப்பாட்டில் இருந்த எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. விமானிகள் கண்டுவிட்டதாகக் கூறியிருந்தமையால் அவ்வெச்சரிக்கை அவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. 2,600 அடி உயரத்தில் ஜெற் விமானம் செஸ்னாவின்மேல் இறங்கியது. தரையிலிருந்தவர் எழுவருடன் 144 பேர் உயிரிழந்தனர். பார்வையினின்றும் இழந்ததை விமானிகள் கூறாமையே காரணம் எனவும், றேடார் இருக்கவும் கண்ணையே நம்பவிட்ட நடைமுறையும் அதற்குத் துணைபோயிற்று எனவும் விசாரணையாளர் முடிவு கண்டனர்.

எட்டு ஆண்டுகளின் பின், 1986 ஓகத்து 31இல், லொஸ் ஏஞ்சலிசை அடுத்த செறிற்றோஸ் என்னும் ஊரின்மேல், அனுமதியின்றிக் கட்டுப்பாட்டு வெளியிற் புகுந்த சிறு விமானமொன்று மெக்சிக்கோ நாட்டுப் பயணி விமானத்தோடு மோதி 82 பேர் இறந்தனர். சிறு விமானத்திலிருந்து அதன் உயரத்தை அறிவிக்கும் சமிக்ஞை றேடாருக்குக் கிடைக்கவில்லை. இதன்பின்பே, பிற விமானம் நெருங்குவதை உணர்ந்து மேலெழுக, கீழிறங்குக என விமானிக்கே கட்டளையிடும் கருவியைப் பெரிய பயணி விமானங்கள் கொண்டிருத்தல் வேண்டுமென 1987இல் சட்டமாயிற்று. பெருநகரத் தளங்களின் சுற்றுவட்டத்திற் பறக்கும் சிறு விமானங்கள் தம் உயரத்தை அறிவிக்கும் கருவியைக் கொண்டிருத்தலும் கட்டாயமாயிற்று. கட்டளையிடும் கருவி மட்டும் சிறு விமானங்களுக்கு விதிக்கப்படவில்லை. அவற்றின் விமானிகளுக்கு இன்றும் கண்ணே முதற் காவல்.

இங்கு ஒரு தனிமனிதர் கதையைச் சொல்லவேண்டும். விஸ்கொன்சின் மாநிலத்தில் அலன் கிளப்மையர் என்பவர் தம் தம்பியோடு சேர்ந்து 1984இல் சிறு விமானம் செய்யும் முயற்சி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவர் பறந்துகொண்டிருக்கையில் மற்றொரு சிறு விமானம் அவர் விமானத்தோடு மோதியது. இறக்கையில் ஒரு பகுதியை இழந்த தம் விமானத்தை அவர் எவ்வாறோ இறக்கிவிட்டார். மற்ற விமானி உயிர் தப்பவில்லை. அன்றிலிருந்து கிளப்மையரின் எண்ணம் ஒன்றிலே நிலைத்தது. மோதாமற் காப்பது கண்ணின் வேலை. கண் தவறியபின் காப்பது எது? விமானம் முழுவதையும் தாங்கி இறக்கவல்ல பரசூட் ஒன்றை விமானத்தினுள்ளேயே அடக்கி வைக்கவேண்டும் என்று துணிந்தார். இதனைப் பலர் எள்ளினர். 1998இல் அவர் கம்பனியின் சிறஸ் விமானம் பரசூட்டோடு அரசாங்க அங்கீகாரம் பெற்றது. கூரையிலுள்ள கைபிடியை இழுத்தால், சிறு உந்துகணை ஒன்று விமானத்தின் பின்புறத்தைப் பிளந்து பரசூட்டை வெளியே இழுத்துச் செல்லும். விமானம் அதிலே தொங்கியவாறு இறங்கும்.

இனி 2021ஆம் ஆண்டு மே 12ஆம் நாளுக்கு வருவோம். கொலறாடோ மாநிலத்தில் டென்வர் நகரை அடுத்துச் சென்ரேனியல் என்னும் தளம் உள்ளது. பெரிய பயணி விமானங்கள் அங்கு வருவதில்லை. ஆயினும் சிறு விமானங்களால் மிக நெருக்கடியான அமெரிக்கத் தளங்களுள் அதுவும் ஒன்று. அங்கே இரண்டு ஓடுபாதைகள் பக்கம் பக்கமாக, ஒரே திசையை நோக்கிக் கிடக்கின்றன. அன்று காலை வானம் தெளிவு. வடக்கிலிருந்து நேரே இடப்பக்க ஓடுபாதையை நோக்கி மெற்றோலைனர் என்னும் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று வந்தது. அதில் விமானி ஒருவரேயன்றி வேறெவரும் இல்லை. மேற்குப் புறமாகச் சுற்றி வந்து வலப்பக்க ஓடுபாதைக்குத் திரும்ப வேண்டியது ஒரு சிறஸ் விமானம். அதில் இருவர் இருந்தனர். இரு விமானங்களோடும் இரண்டு கட்டுப்பாட்டாளர்கள், இரண்டு வேறு வானொலி அலைகளிற் பேசிக்கொண்டிருந்தனர். ஆகவே ஒருவருக்குச் சொல்வது மற்றவர் காதில் விழாது.

சிறஸ் விமானிக்கு, முன்னே ஒரு செஸ்னா செல்கின்றது, பக்கத்து ஓடுபாதைக்கு ஒரு மெற்றோலைனர் வருகின்றது என்று கூறப்பட்டது. அவர், கண்டேன் என்றார். ஓடுபாதைக்கு நேரான கோட்டைத் தாண்டிச் செல்லவேண்டாம் என்ற எச்சரிக்கையும் தரப்பட்டது. மெற்றோலைனர் விமானிக்குச் சிறஸ் விமானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாத கிராண்ட் கன்யன் கதை, 65 ஆண்டுகளின் பின்னும்! சிறஸ் விமானம் அணுகுதற்குரிய வேகத்தினும் மிகுந்த வேகத்தில் திரும்பியது. வேகம் மிகுந்தால் திரும்பும் வட்டமும் அகலும். தன் கோட்டைத் தாண்டி அது இடப்பக்க ஓடுபாதைக்குரிய வழியிற் புகுந்து மெற்றோலைனரின் முதுகைக் கிழித்துக்கொண்டு சென்றது. கோட்டை விட்டு விலகிய சிறஸ் விமானியின் தவறே காரணம் எனவும், மெற்றோலைனருக்குத் தகவல் கொடாமையும் அதற்குத் துணைபோயிற்று எனவும் விசாரணைச் சபை பின்னர் எழுதிவைத்தது.

ஒருவரும் இறக்கவில்லை. ஒருவருக்கும் காயமுமில்லை. சிறஸ் விமானி கூரையிலிருந்த கைபிடியை இழுத்தார். கிளப்மையர் தமக்கு நேர்ந்ததை எண்ணி 1985இலிருந்து மனத்திற் சுமந்த பரசூட், அதே வகையான மோதலின்பின் விரிந்து, இருவரையும் நீர்த்தேக்கம் ஒன்றை அடுத்த வெளியில் இறக்கிவிட்டது. அவர்கள் நடந்து வெளியே வந்தனர்.

மெற்றோலைனர் விமானியோ தம் விமானத்திற்கு நேர்ந்ததை அறியவில்லை. ஏதோ அதிர்ந்தது, வலப்புற எஞ்சின் நின்றுவிட்டது போலும் என்று கோபுரத்துக்கு அமைதியான குரலில் அறிவித்து, அவசர நிலை கூறி, தமக்குரிய ஓடுபாதையிலேயே ஒழுங்காக இறங்கினார். இறக்கைக்குப் பின்னே உடற்பகுதியில் கூரை பிளந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வானம் தெரிய, வால் ஒட்டிக்கொண்டு நின்ற கோலத்தைப் படங்களிற் பார்த்தோர், அது இவ்வளவு தூரமும் எவ்வாறு பறந்து வந்தது என்று வியந்தனர். அவர் வானொலியிற் பேசிய பேச்சில், மற்றொரு விமானத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.